வழிதவறுவோர் சங்கம், வெனிஸ் கிளை

கே: "திட்டம் போடாமல் ஐரோப்பிய நகரம் ஒன்றில் தனியாகச் சுற்றிப் பாருங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். விசா ஆபீசில் இதைச் சொன்னால் விசா கொடுப்பார்களா? – சேலம் வாசகர்

ப: கொடுக்க மாட்டார்கள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஷெங்கன் விசா கேட்டால், எந்த ராத்திரி எந்த ஊரில் படுப்பார் என்பதற்குக் காகிதம் காட்டவேண்டும். அதோடு போகவர டிக்கெட் பதிவு, பேங்க் ஸ்டேட்மெண்ட், விடுப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. இத்தனை கொடுத்த பிறகும் 'பயண நோக்கம்' என்ற இடத்தில் 'கால் போன போக்கு' என்று ஒரு கட்டம் கிடையாது. 'சுற்றுலா'வில் டிக் அடியுங்கள்.

இதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு நாளில் ஆறு நாடு பார்க்க ஆசைப்படுகிறவருக்குத்தான் திட்டம் கழுத்தைப் பிடிக்கும். நீங்கள் ஒரே ஊர், ஒரே விடுதி, ஒரு வாரம் என்று எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கு வேண்டியது ராத்திரிப் படுக்கை, அது நிச்சயமாக இருக்கும். காலையில் விடுதி வாசலில் இடப்பக்கம் திரும்புவீர்களா வலப்பக்கமா என்று எந்தத் தூதரகமும் கேட்டதில்லை. இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை என்று சொல்வதே பாதுகாப்பு.

கே: லண்டன், பாரிஸ் எல்லாம் இருக்க, வழி தெரியாமல் அலைவதற்கு வெனிஸை ஏன் சிபாரிசு செய்கிறீர்கள்? – மதுரை வாசகி

ப: அங்கே தொலைந்தாலும் ஊரைவிட்டுத் தொலைய முடியாது என்பதால். பாரிஸில் தப்பான திசையில் ஒரு மணி நேரம் நடந்தால் விடுதி உங்களைவிட்டு ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். வெனிஸில் எந்தத் திசையில் நடந்தாலும் தண்ணீர் வந்து மறித்துவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு தீவுகள், நானூற்றுச் சொச்சம் பாலங்கள். ரயில் 1846-ல் வந்தது. கார் 1933-ல் வந்தது. வந்த வேகத்தில் ஊரின் மேற்கு ஓரம் பியாத்ஸாலே ரோமா என்ற இடத்தோடு நின்றும் போனது. அதற்கு அப்பால் காரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை, சைக்கிள்கூட இல்லை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, சிமென்ட் மூட்டை, சவப்பெட்டி எல்லாம் படகில். முதுகுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் வராது என்று தெரிந்த பிறகுதான் நம் ஆட்களுக்குத் தலையைத் தூக்கி நடக்கவே வருகிறது.

இன்னொரு காரணம், அந்த ஊர்ச் சந்துகளின் சுபாவம். தெருப் பெயரைச் சுவரிலேயே வெள்ளையடித்த கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கப் பழகினால் வழி தெரியாது, ஆனால் ஊர் தெரியும். 'ராமோ' என்று போட்டிருந்தால் கிளைச்சந்து; பல நேரம் யார் வீட்டுக் கதவிலாவது முட்டி நிற்கும், இல்லை நேரே தண்ணீருக்குள் இறங்கும் படியில் போய் முடியும். அந்தப் படி பாசி பிடித்தது. செல்ஃபி எடுக்க ஏற்ற இடமல்ல. 'சோத்தோபோர்த்தெகோ' என்பது வீட்டுக்கு அடியிலேயே புகுந்து போகும் வழி. யார் வீட்டு நடையிலோ நுழைகிறோமே என்று கூச்சமாக இருக்கும். கூசாதீர்கள், பொதுவழிதான். 'ரியோ தெரா' என்றிருந்தால் நீங்கள் நிற்பது ஒரு பழைய கால்வாயின் மேல். மண் கொட்டி மூடித் தெருவாக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் அகலமாக, லேசாக வளைந்து போகும். ஒரு காலத்தில் இங்கே படகு திரும்பியிருக்கிறது என்பது காலுக்கே தெரியும். இதெல்லாம் வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் ஓடுகிறவருக்குக் கிடைக்காது. அவர் குடையைத்தான் பார்த்தாக வேண்டும்.

கே: வெனிஸ் விடுதி ஒன்றின் விலாசத்தில் தெருப்பெயரே இல்லை. 'கஸ்தெல்லோ' என்று ஒரு பெயர், பக்கத்தில் நாலு இலக்க எண், அவ்வளவுதான். மோசடியா? – பெயர் வேண்டாம், ஓசூர்

ப: நிஜமான விலாசமே அதுதான். ஊர் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்தது: கஸ்தெல்லோ, கன்னரேஜோ, சான் மார்கோ, சான் போலோ, சாந்தா குரோச்சே, தோர்சோதூரோ. வீட்டு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து தொடங்காது. வட்டாரம் முழுக்க ஒரே ஓட்டமாக ஓடும். கஸ்தெல்லோவில் ஆறாயிரத்தைத் தாண்டிவிடும். அடுத்த எண் அடுத்த வாசலில் இருக்கலாம். மூலை திரும்பி, முற்றத்துக்குள் புகுந்து, அங்கேயும் இருக்கலாம். தபால்காரருக்கும் கடவுளுக்கும்தான் மனப்பாடம்.

அதனால் விடுதிக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: பக்கத்துப் படகு நிறுத்தம் எது, பக்கத்துத் தேவாலயம் எது, அங்கிருந்து எத்தனை பாலம். நாள் முழுக்கத் திட்டமில்லாமல் அலைவதற்கு இந்த ஒரு துண்டுச் சீட்டுதான் முதலீடு.

கே: கையில் கூகுள் மேப் இருக்கும்போது மனுஷன் எப்படி சார் தொலைவான்? – கோவை இளைஞர்

ப: கூகுள் மேப் பார்த்துக்கொண்டேதான் தம்பி. இரண்டு பக்கமும் நாலு மாடிச் சுவர், நடுவில் கையை விரித்தால் இடிக்கும் சந்து. செயற்கைக்கோள் சமிக்ஞை சுவருக்குச் சுவர் மோதித் தடுமாறும். உங்களைக் குறிக்கும் நீலப்புள்ளி திடீரென்று கால்வாய்க்கு அக்கரையில் போய் நிற்கும். அக்கரை ஆறடி தூரம்தான், ஆனால் அங்கே போக இரண்டு பாலம் சுற்றவேண்டும்.

ராத்திரி விடுதிக்குத் திரும்பப் போனை எடுங்கள், தப்பில்லை. பகலில் பையில் போடுங்கள். சுவர்களில் மஞ்சள் பலகை இருக்கும்: ரியால்தோவுக்கு, சான் மார்கோவுக்கு, ரயில் நிலையத்துக்கு என்று அம்புக்குறியோடு. சில மூலைகளில் ஒரே இடத்துக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அம்பு போட்டிருக்கும். இரண்டும் சரிதான். நான் இந்தப் பலகைகளை நம்பிக்கையோடு படித்து, எந்தப் பக்கம் அம்பு இல்லையோ அந்தப் பக்கம் போவேன். ஊரில் உள்ள கூட்டமெல்லாம் நிலையம், ரியால்தோ, சான் மார்கோ என்ற ஒரே கோட்டில்தான் நெருக்கியடித்துப் போகிறது. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளிப் போனால், மாடியிலிருந்து மாடிக்குக் கயிறு கட்டித் துணி உலர்த்துகிறவர்களின் வெனிஸ் வந்துவிடும்.

கே: வழி கேட்டால் சொல்வார்களா? – திருவாரூர்

ப: தாராளமாக. "செம்ப்ரே திரித்தோ" என்பார்கள், அதாவது நேராகவே போங்கள். ஐம்பது அடிக்கு நேராகப் போகும் தெரு அங்கே அபூர்வம். நம் கிராமத்தில் 'கூப்பிடு தூரம்தான்' என்று சொல்லி இரண்டு மைல் நடக்கவைக்கும் பெரியவர்களின் சொந்தக்காரர்கள் அங்கே நிறையப் பேர்.

கே: தனியாகப் போனால் நம்மைப் போட்டோ எடுப்பது யார்? – கும்பகோணம்

ப: யாருமில்லை. பயணத்தின் முதல் லாபம் அது.

கே: நான் பெண். வயது 27. தனியாக, திட்டமில்லாமல் என்றால் வீட்டில் கூரை பறக்கும். நிஜமாகவே பயப்பட வேண்டுமா? – பொள்ளாச்சி

ப: வெனிஸில் இரவு நடப்பதற்குப் பயப்படுவதைவிடப் பகலில் படகில் ஏறுவதற்குக் கொஞ்சம் பயப்படலாம். பிக்பாக்கெட் ஆசாமிகளுக்கு நெரிசல் வேண்டும். வப்போரெத்தோ எனும் பயணிகள் படகு, ரியால்தோ பாலத்துப் படி, சான் மார்கோ, இந்த மூன்று இடத்திலும் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ரோஜாப்பூவைத் திணிப்பவர் அன்பினால் திணிக்கவில்லை. பத்து மணிக்கு மேல் கடைகள் மூடியதும் சந்துகளில் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். முதல் நாள் திக்கென்றிருக்கும். வாகனம் எதுவும் இல்லாத ஊரில் ராத்திரி அப்படித்தான் இருக்கும் என்பது மறுநாள் புரியும்.

வீட்டுக்கு ஒரே ஒரு திட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள்: விடுதியின் பெயர், போன் எண். பாஸ்போர்ட் நகலைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். அவசர எண் 112. இந்தியத் துணைத் தூதரகம் மிலானில் இருக்கிறது. உள்ளுணர்வு ஒரு சந்தில் 'வேண்டாம்' என்றால் திரும்பிவிடுங்கள். திட்டம் இல்லாததன் வசதியே அதுதானே. எந்தச் சந்தையும் பார்த்து முடிக்கவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

உண்மையில் அங்கே தனியாகப் போகிறவரைப் படுத்தியெடுக்கும் ஆசாமி சூட்கேஸ்தான். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. முதுகில் மாட்டும் பைக்கு மேல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

கே: சுத்த சைவன். ஒரு வாரம் அங்கே பிழைப்பேனா? – காரைக்குடி

ப: பிழைப்பீர்கள், ஆனால் நீங்கள் எதை சுத்தம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெனிஸ் கடலைத் தின்று வளர்ந்த ஊர். 'பிகோலி இன் சால்ஸா' என்று ஒன்று தட்டில் வரும்: தடித்த நூடுல்ஸ், நன்றாக வதங்கிய வெங்காயம், இறைச்சித் துண்டு கண்ணில் படாது. அந்த வெங்காயத்தோடு நெத்திலிமாதிரி உப்புமீன் கரைந்து போயிருக்கும். பச்சைப் பட்டாணிச் சோறு என்று நம்பி 'ரீஸி எ பீஸி' வாங்கினால் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். காய்கறி ரிசோத்தோவை இறைச்சி வேகவைத்த தண்ணீரில் கிண்டியிருக்கக்கூடும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்மஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைப்பது. இதை எழுதியதற்காக என்னைத் திட்டும் கடிதங்கள் வரும், தெரியும்.

நல்ல சேதியும் உண்டு. எதிரே சாந்த் எரஸ்மோ என்ற தீவு முழுக்கக் காய்கறித் தோட்டம். வசந்த காலத்தில் அங்கே விளையும் இளம் ஆர்ட்டிசோக் மொட்டுக்கு ஊரே அலைகிறது. குளிர்காலத்தில் திரெவீஸோவிலிருந்து வரும் சிவப்புக் கீரை, லேசான கசப்போடு. ரியால்தோ சந்தைக்குக் காலையில் போய்விடுங்கள். பழம் நறுக்கிக் கோப்பையில் தருவார்கள். காப்பியை நின்றுகொண்டு குடியுங்கள். உட்கார்ந்தால் விலை வேறு. 1720-ல் தொடங்கிய ஃப்ளோரியான் காப்பிக்கடையில் வெளியே உட்கார்ந்தால், பக்கத்தில் வாசிக்கும் இசைக்கும் பில்லில் தனி வரி வரும். காதைப் பொத்திக்கொண்டாலும் கழிவு கிடையாது. உணவகங்களில் 'கொப்பேர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை சேர்ப்பார்கள். அது மேசைக்கும் ரொட்டிக்கும். தண்ணீருக்குச் செலவு வேண்டாம், ஊர் முழுக்கத் தெருக்குழாய் உண்டு, குடிக்கலாம்.

கே: கோந்தோலாவில் போனீர்களா? – நாகர்கோவில்

ப: அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. பாட்டு தனி. ஐந்து பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். தனியாகப் போனவர் ஐந்து பேரை எங்கே தேடுவது? பெரிய கால்வாயின் குறுக்கே நாலே நாலு பாலம்தான். பாலம் இல்லாத இடங்களில் அக்கரைக்குக் கொண்டுவிட 'த்ராகெத்தோ' என்ற பெரிய கோந்தோலா ஓடுகிறது. வெளியூராருக்கு 2 யூரோ. உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே போவார்கள், செய்தித்தாள் படித்துக்கொண்டு. நீங்கள் விழாமல் நின்றாலே கௌரவம்தான்.

கே: சும்மா சுற்றுவதற்கு இத்தனை தத்துவம் தேவையா? – ஈரோடு

ப: தத்துவம் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கி தெபோர் என்ற பிரெஞ்சுக்காரர், வேலை, சந்திப்பு, வேடிக்கை என்று எந்தக் காரணமும் வைத்துக்கொள்ளாமல், நகரம் இழுத்த இழுப்புக்கு நடப்பதை ஒரு முறையாகவே வகுத்து 1956-ல் கட்டுரை எழுதினார். 'ஒருபோதும் வேலை செய்யாதே' என்று பாரிஸ் சுவரில் எழுதி வைத்தவர் அவர். அடுத்த வருடம் இதே கொள்கைக்காரர்கள் இத்தாலியக் கிராமம் ஒன்றில் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் ரால்ஃப் ரம்னி என்ற ஆங்கிலேய ஓவியரும் சேர்ந்தார். அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு, வெனிஸில் இப்படி நடந்து, எந்த மூலை மனதை எப்படி மாற்றுகிறது என்று அறிக்கை தருவது.

அறிக்கை குறித்த நாளில் வரவில்லை. 1958-ல் அமைப்பிலிருந்தே அவரை நீக்கினார்கள். வெனிஸ் ரம்னியை வென்றுவிட்டது என்று தங்கள் பத்திரிகையில் அறிவிப்பும் போட்டார்கள். குறிக்கோள் இல்லாமல் நடக்கவேண்டும், ஆனால் கெடு தேதி தவறக்கூடாது! எந்த அரசு அலுவலகமும் இத்தனை கண்டிப்பாக இருந்ததாக நான் படித்ததில்லை. ரம்னி எடுத்துக்கொண்ட அவகாசம் நியாயமானது என்று அந்தச் சந்துகளில் நடந்த யாரும் சொல்வார்கள்.

கே: நமக்கும் வெனிஸுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, அல்லது சினிமாப் பாட்டு மட்டும்தானா? – தூத்துக்குடி

ப: உங்கள் ஊர்க்காரர் கேட்கவேண்டிய கேள்வி. 1271-ல் பதினேழு வயதில் அப்பாவோடும் சித்தப்பாவோடும் வெனிஸை விட்டுக் கிளம்பி, 1295-ல் திரும்பிய மார்கோ போலோ, சீனாவிலிருந்து கடல்வழியே திரும்பும்போது பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டார். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகம், முத்துக்குளிப்பு, அரபு நாட்டிலிருந்து வந்து இறங்கும் குதிரைகள் எல்லாம் அவர் சொன்ன கதையில் வருகின்றன. சொன்ன கதைதான், அவர் எழுதவில்லை. ஊர் திரும்பிய பின் ஜெனோவாக்காரர்களிடம் சிறைப்பட்டபோது ருஸ்திகெல்லோ என்ற சக கைதி எழுதிக்கொண்டார்.

அவர் எதையெல்லாம் கவனித்தார் என்பதுதான் சுவாரசியம். இந்த நாட்டில் தையல்காரனே இல்லை, ராஜாகூட இடுப்புத் துணியும் கழுத்து நிறைய நகையுமாக இருக்கிறார் என்கிறார். தண்ணீர் குடிக்கும்போது பாத்திரம் உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்கிறார்கள் என்கிறார். இன்றும் நம் வீட்டில் சொம்பை எச்சில் பண்ணினால் விழுகிற திட்டை அவரும் வாங்கியிருப்பார் போலிருக்கிறது. கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பணம் தராமல் வட்டத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வியாபாரி குதிரைமேல் வந்த அரசரையே சுற்றி வட்டம் போட்டதையும், அரசர் கடனைத் தீர்த்த பிறகே நகர்ந்ததையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். கோபுரம் எத்தனை அடி என்று அளந்துகொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்காது.

ரியால்தோவுக்குப் பக்கத்தில், மாலிப்ரான் நாடக அரங்குக்குப் பின்னால், 'மிலியோன்' என்று பெயர் கொண்ட சிறு முற்றங்கள் இருக்கின்றன. அவர் குடும்ப வீடு அந்தப் பக்கம்தான் இருந்தது. சுவரில் கல்வெட்டு உண்டு. கூட்டம் இருக்காது. விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான், அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

கே: ஊருக்குள் நுழையவே டிக்கெட்டாமே? – விழுப்புரம்

ப: எல்லா நாளும் இல்லை. 2024 ஏப்ரல் 25-ல் தொடங்கினார்கள். கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாட்களில், காலை 8:30 முதல் மாலை 4 வரை, வந்த அன்றே திரும்பிப் போகிறவருக்கு 5 யூரோ. 2025-ல் கடைசி நேரத்தில் பதிவு செய்பவருக்கு அதை 10 ஆக்கினார்கள். ஊருக்குள் விடுதியில் தங்குகிறவர் கட்டவேண்டியதில்லை, ஆனால் கட்டவேண்டியதில்லை என்பதற்கு ஆன்லைனில் பதிவு செய்து சான்று வைத்திருக்கவேண்டும். விடுதியில் தனியாக ஊர் வரி வாங்குவார்கள். போகிற தேதிக்கு என்ன விதி என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். சும்மா சுற்றுவதற்குச் செய்யவேண்டிய வேலை கொஞ்சம் அதிகம்தான்.

கே: செலவு மிச்சமாக இருக்கட்டும் என்று எதிர்க்கரையில் மெஸ்த்ரேயில் தங்கலாமா? – அரியலூர்

ப: ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அறை வாடகையும் குறைவு. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கூட்டத்தோடு நீங்களும் நிலையத்துக்கு ஓடுவீர்கள். அந்த ஊர் தன் முகத்தைக் காட்டுவதே அந்தக் கூட்டம் போன பிறகும், மறுநாள் அது வருவதற்கு முன்பும்தான். காலை ஆறரைக்குச் சந்துகளில் கைவண்டி தள்ளிக் குப்பை வாங்குகிறவர்கள், கடைக்குச் சரக்கு இறக்கும் படகுகள், பாலத்துப் படியில் வண்டியை ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்கும் ஆட்கள். இரண்டு நாள் குறைத்துக்கொண்டு ஊருக்குள் தங்குங்கள்.

கே: வெனிஸ் மூழ்கிக்கொண்டிருக்கிறதாம். போனால் திரும்புவேனா? – கடலூர்

ப: கடலூர்க்காரருக்கா தண்ணீர் பயம்? 2019 நவம்பர் 12 அன்று அலையேற்றம் 187 சென்டிமீட்டர் வரை போய் ஊர் திணறியது உண்மை. 1966-ல் அதைவிட உயரம், 194. இப்போது கடலுக்கும் காயலுக்கும் நடுவே மூன்று வாய்களில் 78 மடைக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. பெரிய அலை வரும் என்று தெரிந்தால் காற்று நிரப்பி எழுப்புகிறார்கள். 2020 அக்டோபர் 3-ல் முதல் முறையாக அலையைத் தடுத்தது. சின்ன வெள்ளத்துக்குக் கதவைத் தூக்க மாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் போனால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கவேண்டி வரலாம். சான் மார்கோ மணிக்கூண்டு 1902-ல் மொத்தமாகச் சரிந்து விழுந்தபோதே காவல்காரர் வீட்டுப் பூனை ஒன்றைத் தவிர யாரும் சாகவில்லை. நீங்கள் தைரியமாகப் போகலாம், பூனையை விட்டுவிட்டு.

கே: பார்த்தே ஆகவேண்டிய பத்து இடங்களைப் பட்டியலிடுங்கள். – திருநெல்வேலி

ப: இத்தனை கேள்விக்குப் பிறகுமா?

சரி, ஒன்று மட்டும். கன்னரேஜோ பக்கம் அலையும்போது, மற்ற வீடுகளைவிட உயரமாக, ஏழெட்டு மாடி நெருக்கமாக அடுக்கிய வீடுகள் சூழ்ந்த ஒரு சதுக்கம் எதிர்ப்பட்டால் நில்லுங்கள். 1516-ல் ஊரிலுள்ள யூதர்கள் எல்லாரும் இந்த ஒரு தீவில்தான் குடியிருக்கவேண்டும் என்று குடியரசு உத்தரவு போட்டது. ராத்திரி வாசலைப் பூட்டினார்கள். காவலுக்கு ஆகும் கூலியையும் பூட்டப்பட்டவர்களிடமே வாங்கினார்கள். ஆள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை, ஆகவே மாடிமேல் மாடி. உயரத்தைச் சமாளிக்கக் கூரையைத் தாழ்த்தினார்கள்; ஜன்னல்களை எண்ணிப் பார்த்தால் பக்கத்து வீட்டின் ஒரு மாடி உயரத்தில் இங்கே கிட்டத்தட்ட ஒன்றரை மாடி இருக்கும். வழிபாட்டுக் கூடங்களும் மாடியில்தான். கீழேயிருந்து பார்த்தால் வரிசையாக ஐந்து ஜன்னல் மட்டும் அடையாளம். 1797-ல் நெப்போலியன் படை வந்து வாயில் கதவுகளைப் பெயர்த்தது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1943-44-ல், இங்கிருந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். அந்த நினைவுப் பலகைகளும் அதே சதுக்கத்தில் இருக்கின்றன. பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். நான் போன சமயங்களில் அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன். தேடிப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் படம் எடுத்துத் திரும்பியிருப்பேன் என்று தோன்றுகிறது.

கே: இப்படி எல்லாரும் சந்து சந்தாகப் புகுந்தால் அங்கே குடியிருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? – தஞ்சாவூர் ஆசிரியை

ப: ஏற்கெனவே ஆகிவிட்டார்கள், டீச்சர். 1951-ல் அந்தப் பழைய நகருக்குள் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-ல் 50,000-க்குக் கீழே போய்விட்டது. ரியால்தோவுக்கு அருகே ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008-லிருந்து மீதமுள்ளோர் எண்ணிக்கையை ஒளிரும் பலகையில் காட்டுகிறார்கள். வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போகின்றன, மளிகைக்கடை முகமூடிக் கடையாகிறது. நாம் அந்தச் சிக்கலில் ஒரு பங்கு என்பதை மறுக்க முடியாது. குறைத்துக்கொள்ளலாம்: வீட்டை வாடகைக்கு எடுக்காமல் விடுதியில் தங்குங்கள், சந்தில் வலப்பக்கமாக நடங்கள், பாலத்தின் உச்சியில் நின்று வழியை அடைக்காதீர்கள், படகில் முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், பள்ளி விடும் நேரத்தில் சந்தில் ஒதுங்கி நில்லுங்கள். சான் மார்கோ படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். புறாவுக்குத் தீனி போட்டாலும் அபராதம்.

கே: முழங்கால் வலி. வயது 66. நானூறு பாலம் என்கிறீர்களே? – திருச்சி

ப: ஒன்றாம் எண் படகு உங்களுக்காகவே ஓடுகிறது. பெரிய கால்வாய் முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போகும். ஒரு தடவைக்கு 9.50 யூரோ என்பது அநியாயம். ஒரு நாள், மூன்று நாள் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டமில்லாமல் படகிலும் அலையலாம். தோன்றிய நிறுத்தத்தில் இறங்கி, முதல் பாலம் வரைக்கும் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பிவிடுங்கள்.

கே: ஒரு வாரம் பேச்சுத்துணை இல்லாமல் எப்படி? – ராசிபுரம்

ப: மூன்றாம் நாள் கொஞ்சம் கஷ்டம். அன்று மாலை ஏதாவது 'பாக்கரோ'வுக்குப் போய் நில்லுங்கள். சின்னக் கடை, கண்ணாடிப் பெட்டியில் சிறு தின்பண்டங்கள், ஆளுக்கொரு கிளாஸ். நாற்காலி இருக்காது, அதனால் தனியாக வந்தவர் என்று தெரியவும் தெரியாது. மது வேண்டாமென்றால் ஆரஞ்சுச் சாறு கேளுங்கள். விநோதமாகப் பார்ப்பார்கள், பேச்சு அதிலிருந்தே தொடங்கும்.

கே: என் மகன் தனியாக, திட்டமே இல்லாமல் இத்தாலி போகிறேன் என்கிறான். கேட்டால் உங்கள் பக்கத்தை நீட்டுகிறான். ஒரு அம்மாவாக நான் என்ன சொல்லி அனுப்ப? – சிவகாசி

ப: அம்மா, பழி என்மேல் விழுவது நியாயம்தான். விடுதி முகவரி, காப்பீட்டுக் காகிதம், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். "எங்கே இருக்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது, தெரியாததைச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் போகும். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அதற்கு எப்போதும் பதில் இருக்கும். கோடையில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். மாலை ஐந்துக்கு அவன் பேசினால் உங்களுக்கு இரவு எட்டரை. உங்கள் சீரியல் அந்த நேரத்தில் என்றால் ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லிவிடுங்கள்.